சித்திரவதைத் தழும்புக்கு மருத்துவ அறிக்கை: புகலிட வழக்கில் எது எடுபடும்?

கேட்டவர்: கோத்தகிரி வாசகி

வணக்கம். என் அக்கா மகனுக்காகக் கேட்கிறேன். நாங்கள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டத்தில் குடியேறிய குடும்பம். அக்கா குடும்பம் இலங்கையிலேயே இருந்து, 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாப் பக்கம் போய்விட்டது. அக்கா மகனை (நாங்கள் தம்பி என்போம்) 2012இல் அங்கே பிடித்துச் சில மாதம் வைத்திருந்தார்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் முதுகில் சூடு, உள்ளங்காலில் அடி, கையைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டது, தலையில் பாலித்தீன் பை. வெளியே வந்ததும் அந்த வருடம் நவம்பரில் எங்களிடம் வந்தான். குன்னூர் அரசு ஆஸ்பத்திரியில் காட்டினோம், எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு கொஞ்ச காலம் இங்கே கவாத்து வேலைக்குப் போனான். 2023இல் இங்கிலாந்து போய்ப் புகலிடம் கேட்டான். இப்போது நிராகரித்துக் கடிதம் வந்திருக்கிறது. அதில் சொல்லும் காரணங்கள்:

அங்குள்ள குடும்ப மருத்துவர் "தழும்புகள் அவர் சொல்வதோடு பொருந்துகின்றன" என்று இரண்டு வரி எழுதியிருக்கிறார்; அது போதாதாம். தோட்ட வேலையிலும் இப்படித் தழும்பு வரலாமாம். பிடித்துப்போன மாதத்தை ஒரு நேர்காணலில் பிப்ரவரி என்றும் இன்னொன்றில் ஏப்ரல் என்றும் சொன்னதால் நம்ப முடியாதாம். இந்தியாவில் சிகிச்சை பெற்றதற்குக் காகிதம் இல்லையாம்.

இங்கிருந்து நாங்கள் என்ன செய்யலாம்? தெரிந்த டாக்டர் ஒருவரிடம் இப்போது சான்றிதழ் வாங்கி அனுப்பினால் உதவுமா?

---

பதில்: லாம்ஸ்ராக் வழக்குரைஞர்

அம்மா, முதலில் நாள் கணக்கு. இங்கிலாந்தில் இருந்துகொண்டு மேல்முறையீடு செய்ய, முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாள்தான். மருத்துவ அறிக்கை கைக்கு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மேல்முறையீட்டைப் பதிந்துவிட்டு, அறிக்கைக்கு அவகாசம் கேட்க வேண்டும். நாள் கடந்திருந்தால் காரணம் காட்டிக் கால நீட்டிப்பு கேட்கலாம். இதை அங்குள்ள வழக்கறிஞர்தான் செய்ய முடியும். புகலிட வழக்குக்கு அங்கே அரசு சட்ட உதவி உண்டு. அதில் மருத்துவ அறிக்கைச் செலவையும் கேட்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குடும்ப மருத்துவரின் இரண்டு வரிக் கடிதமும் மருத்துவ–சட்ட அறிக்கையும் ஒன்றல்ல. சித்திரவதையை ஆவணப்படுத்த ஐ.நா. ஏற்ற வழிகாட்டி இஸ்தான்புல் நெறிமுறை. 1999இல் உருவானது, 2004இலும் 2022இலும் திருத்தினார்கள். அதில் ஐந்து படிகள். சொன்ன காரணத்தால் வந்திருக்கவே முடியாது என்றால் "பொருந்தவில்லை". வந்திருக்கலாம், ஆனால் வேறு பல காரணமும் இருக்கலாம் என்றால் "பொருந்துகிறது". வேறு காரணங்கள் மிகச் சிலவே என்றால் "மிகவும் பொருந்துகிறது". இந்த வகைக் காயத்தில் வழக்கமாகக் காணும் தோற்றம், ஆனாலும் வேறு காரணம் இருக்கலாம் என்றால் நான்காம் படி. வேறு எதனாலும் வந்திருக்க முடியாது என்பது ஐந்தாம் படி. தம்பியின் மருத்துவர் தெரிந்தோ தெரியாமலோ இரண்டாம் படியின் சொல்லை எழுதிவிட்டார். அதைத்தான் நிராகரிப்புக் கடிதம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதற்காக ஐந்தாம் படி வேண்டும் என்று யாரும் அலைய வேண்டாம், அது அரிது. ஒவ்வொரு தழும்பையும் தனியே எடைபோட்டு முடித்துவிடக் கூடாது, எல்லாவற்றையும் சேர்த்து என்ன தெரிகிறது என்பதே முக்கியம் என்று நெறிமுறையே சொல்கிறது. 2008இல் ஆர்.டி. என்ற இலங்கையர் வழக்கில் பிரிட்டனின் குடிவரவுத் தீர்ப்பாயம் கேட்டதும் நியாயமானதுதான்: வேறு காரணம் இருக்கலாம் என்றால், அது எவ்வளவு சாத்தியம் என்று மருத்துவர் சொல்ல வேண்டும். நல்ல அறிக்கை அந்த வேறு காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, ஏன் ஏற்கிறேன், ஏன் ஏற்கவில்லை என்று எழுதும். அதை எழுதாமல் "கொடூரமான சித்திரவதை" என்று அடைமொழி போட்டு நிரப்பிய அறிக்கை குறுக்கு விசாரணையில் நிற்காது.

நிராகரிப்புக் கடிதத்தில் இன்னொரு குறையும் இருக்கலாம். மாதம் மாறியதால் முதலிலேயே "இவர் பொய் சொல்கிறார்" என்று முடிவுகட்டிவிட்டு, கடைசியில் "ஆகவே மருத்துவர் கடிதத்துக்கு மதிப்பில்லை" என்று எழுதியிருக்கிறார்களா, பாருங்கள். அந்த வரிசையே தவறு. மிபாங்கா வழக்கில் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: மருத்துவச் சான்று, முடிவு எடுத்த பிறகு ஒட்டிப் பார்க்கும் பின்னிணைப்பு அல்ல. முடிவுக்கு வரும் வழியிலேயே மற்ற சான்றுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தம்பியின் வழக்குக்கு மிக நெருக்கமானது கே.வி. வழக்கு. இலங்கைத் தமிழர், காய்ச்சிய உலோகக் கம்பிச் சூடு. கையிலிருந்த தழும்புகளின் ஓரம் கலங்கியும் முதுகில் இருந்தவற்றின் ஓரம் தெளிவாகவும் இருந்தன. முதுகில் சூடு வைத்தபோது அசையாமல் கிடந்திருக்கிறார் என்றால், மயக்க மருந்து போட்டு வேண்டுமென்றே இன்னொருவரை வைத்துச் சூடு போட்டுக்கொண்டிருப்பார் என்று மேல் தீர்ப்பாயம் சந்தேகித்தது. ஆனால் வலியில் நினைவிழந்தவருக்கும் ஓரம் தெளிவாகத்தான் விழும். 2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவர் தன் உடம்பில் இப்படிச் செய்யச் சம்மதிப்பது மிக மிக அரிது என்பதற்கு உரிய எடை தர வேண்டும். மருத்துவர் காயம் எதனால் வந்தது என்பதோடு நிற்க வேண்டியதில்லை, சொல்லப்பட்ட சூழ்நிலையோடு பொருந்துகிறதா என்றும் கருத்துச் சொல்லலாம் என்றது. மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. இந்தத் தீர்ப்பைத் தம்பியின் வழக்கறிஞர் கட்டாயம் எடுத்துவைக்க வேண்டும்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இதே வழியில்தான் போகிறது. 2010இல் சுவீடனுக்கு எதிரான ஆர்.சி. வழக்கில், நிபுணர் அல்லாத மருத்துவரின் சான்றிதழாக இருந்தாலும் அது வலுவான அறிகுறியைக் காட்டும்போது, சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு அரசுடையது என்றது. 2013இல் பிரான்சுக்கு எதிரான ஆர்.ஜே. வழக்கும் இலங்கைத் தமிழர் ஒருவரின் தீக்காயச் சான்றிதழ் பற்றியதே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 28.06.2022 முதல் கேட்ட புகலிடங்களுக்கு அங்கே பழைய அளவுகோல் இல்லை. அவர் இன்னார், உண்மையிலேயே அஞ்சுகிறார் என்பதை "இல்லை என்பதைவிட ஆம் என்பதே அதிக சாத்தியம்" என்ற அளவுக்குக் காட்ட வேண்டும். திரும்பினால் ஆபத்து என்பதற்கு மட்டும் பழைய, தாழ்ந்த அளவுகோல். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு (சித்திரவதைத் தடை) வாதத்துக்கு இந்த மாற்றம் கிடையாது. அதையும் சேர்த்தே வைக்கச் சொல்லுங்கள். முன்பு நடந்த கொடுமை, இனி நடக்கக்கூடியதற்கு வலுவான அறிகுறி என்று அவர்களின் குடிவரவு விதி 339கே-யே ஏற்கிறது.

---

பதில்: ஊட்டி தடய மருத்துவர்

அக்கா, தெரிந்த டாக்டரிடம் இப்போது சான்றிதழ் வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஆளைப் பார்க்காமல், புகைப்படத்தையும் உறவினர் சொல்வதையும் வைத்து எழுதிய சான்றிதழ் வெளிப்பட்டால், உண்மையான காகிதங்களின் மேலும் சந்தேகம் விழும். அன்றைக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் தன் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தந்தால் அது வேறு. அவரும் கண்டதை மட்டுமே எழுத வேண்டும்.

தோட்ட வேலைத் தழும்பு என்ற வாதத்துக்குப் பதில் உடம்பிலேயே இருக்கிறது. கவாத்துக் கத்தி வலது கைக்காரருக்கு இடது கை விரல், முன்கை, முழங்காலுக்குக் கீழ் என்று எட்டும் இடத்தில் வெட்டும். மெல்லிய கோடாக ஆறும். காய்ச்சிய கம்பி ஆழமாகச் சுட்டால், கம்பியின் அகலத்துக்கு இரு பக்கமும் ஓரம் தெரியும் பட்டையாகத் தழும்பு விழும். நம் தோலில் நடுப்பகுதி வெளுத்தோ கருத்தோ போகும். தோள், மேல்முதுகு என்றால் மேடு தட்டவும் செய்யும். சிறுவயதில் மாந்தத்துக்கும் வலிப்புக்கும் வைக்கும் சூட்டையும் மருத்துவர் கணக்கில் எடுக்க வேண்டும். அது பெரும்பாலும் வயிற்றிலும் மூட்டுப் பக்கத்திலும் சிறியதாக இருக்கும்; உடல் வளர வளர விரிந்து மங்கும். சிகரெட் சூடு என்றால் 5 முதல் 10 மில்லிமீட்டர் வட்டம்.

அதனால் தம்பி அங்கே பரிசோதனைக்குப் போகும்போது, கவாத்துக் கத்தி வெட்டு எது, சின்ன வயதில் விழுந்தது எது என்று அவரே முன்வந்து காட்ட வேண்டும். "இது அவர்கள் செய்ததல்ல" என்று சொல்லும் தழும்புகள் அறிக்கையில் பதிவாவது, மற்றவற்றைப் பற்றி அவர் சொல்வதற்குப் பெரிய பலம். எல்லாத் தழும்பையும் சித்திரவதைக் கணக்கில் சேர்ப்பதுதான் பலரைக் கவிழ்க்கிறது.

அறிக்கையில் ஒவ்வொரு தழும்புக்கும் உடல் வரைபடத்தில் இடம், மில்லிமீட்டரில் நீள அகலம், வடிவம், நிறம், ஓரம், மேடா பள்ளமா, பக்கத்தில் அளவுகோல் வைத்த படம், அவர் சொல்லும் காரணம், வேறு சாத்தியம், எந்தப் படி என்பது எல்லாம் இருக்க வேண்டும். நிராகரிப்புக் கடிதத்தையும் நேர்காணல் பதிவையும் படித்ததாக மருத்துவர் குறிப்பிட வேண்டும். ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர், ஹெலன் பேம்பர் ஃபவுண்டேஷன் என்ற இரண்டு பிரிட்டிஷ் அமைப்புகளிலும் இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். வழக்கறிஞர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்பு நீளும்.

தழும்பே இல்லாத கொடுமைகளையும் அறிக்கை பேச வேண்டும். பாலித்தீன் பை தடயம் விடாது. உள்ளங்கால் அடியில் வீக்கமும் கன்றலும் சில வாரத்தில் போய்விடும். பிறகு மிஞ்சுவது குதிகால் மெத்தை தட்டையாவது, நடந்தால் பாதம் முழுக்க வலி, உள்ளங்கால் நார்ப்பட்டையில் சிதைவு. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியலாம். எக்ஸ்ரே இயல்பாக இருப்பதால் அடிக்கவில்லை என்று ஆகாது. கையைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டதில் தோள் நரம்புக்கூட்டம் இழுபட்டிருக்கும். கையில் மரத்துப்போதல், பலவீனம், தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் புடைத்தல் உண்டா என்று நரம்புப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இதைக் கேட்டு வாங்காவிட்டால் தழும்பை மட்டும் பார்த்து முடித்துவிடுவார்கள்.

உங்கள் கையில் இருக்கும் உண்மையான பலம் தேதி. ஒரு தழும்பு முதிர ஆறு மாதம் முதல் இரண்டு வருடம். அதற்குப் பிறகு அது மூன்று வருடத் தழும்பா பதிமூன்று வருடத் தழும்பா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆனால் 2012 நவம்பரில் குன்னூரில் எடுத்த எக்ஸ்ரேயில் கூடிக்கொண்டிருக்கும் எலும்பு முறிவு ஒன்று தெரிந்தால், காயம் அதற்குச் சில வாரமோ மாதமோ முன்பு நடந்தது என்று கதிரியக்க மருத்துவர் உறுதியாகச் சொல்லலாம். இங்கே கவாத்து வேலைக்குப் போகும் முன்பே காயம் இருந்தது என்பதும் அதோடு உறுதியாகிவிடும். அந்த ஃபிலிமைத் தேடுங்கள்.

---

கேட்டவர்: கோத்தகிரி வாசகி

ரொம்ப நன்றிங்க. டிரங்குப் பெட்டியில் ஒரு எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கிறது. ஈரத்தில் உறையோடு ஒட்டிப்போயிருக்கிறது. ஓ.பி. சீட்டு ஒன்றும் கிடைத்தது. ஆனால் அதில் "கீழே விழுந்தது, கால் வலி" என்று எழுதியிருக்கிறார்கள். போலீஸ் விசாரணை வரும் என்று பயந்து நாங்கள்தான் அப்படிச் சொன்னோம். இதை அனுப்பலாமா? ஆஸ்பத்திரியில் மற்ற காகிதங்களை வாங்குவது எப்படி? தகவல் உரிமைச் சட்டத்தில் போடலாமா?

---

பதில்: குன்னூர் பதிவறை

அக்கா, ஃபிலிமை உரிக்காதீர்கள். உரித்தால் படலம் உறையோடு வந்துவிடும். எக்ஸ்ரே மையத்திலோ நல்ல ஸ்டூடியோவிலோ காட்டி, ஒட்டாத பகுதியை முதலில் படமெடுங்கள். வெள்ளைத் திரை முன்னால் வைத்து, ஓரத்தில் இருக்கும் பெயர், வயது, எண், தேதி தெளிவாக விழும்படி எடுக்க வேண்டும். மலை ஈரத்துக்குப் பயந்து நம் ஊரில் எல்லாக் காகிதத்தையும் லேமினேட் செய்துவிடுகிறோம். இந்த வழக்குக்கான எதையும் செய்யாதீர்கள். மை, முத்திரை, தாளின் பழமை எதையும் பிறகு சோதிக்க முடியாது. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். கோப்பாக மின்னஞ்சலில் அனுப்புங்கள். 2012இல் எடுத்த படம் ஏதாவது பழைய போனிலோ மெமரி கார்டிலோ இருந்தால் அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். தம்பி இலங்கைக் குடிமகன், அவர் பெயரில் போட முடியாது. நீங்கள் போட்டால் இன்னொருவரின் தனிப்பட்ட மருத்துவ விவரம் என்று மறுப்பார்கள், 30 நாள் வீணாகும். நேர்வழி இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறைப்படி, நோயாளியோ அவர் அதிகாரம் தந்தவரோ கேட்டால் மருத்துவப் பதிவை 72 மணி நேரத்தில் தர வேண்டும். தம்பி கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், அவரது அடையாள நகல், உங்கள் ஆதார் நகல், இவற்றோடு தலைமை மருத்துவ அலுவலருக்கு மனு கொடுங்கள். இரண்டு படி எடுத்துப்போய், ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

மனுவில் ஓ.பி. எண், வந்த தேதி, அன்றைக்குப் பதிவில் கொடுத்த பெயர் வேண்டும். பெயர்தான் இடறும். இலங்கைக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால் நிற்கும், இங்கே இனிஷியலாகச் சுருங்கியிருக்கும், எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். சாத்தியமான எல்லா வடிவத்தையும் எழுதுங்கள். இரண்டும் ஒரே ஆள் என்பதை உங்கள் வாக்குமூலத்திலும் ஒரு வரி சொல்லுங்கள்.

உள்நோயாளிப் பதிவை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்பதே அந்த ஒழுங்குமுறை. 2012 காகிதம் அழிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அடிதடிக் காயம் என்று பதிந்திருந்தால் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ஏறியிருக்கும், அதை அதிக காலம் வைத்திருப்பது வழக்கம். உங்கள் விஷயத்தில் "விழுந்தது" என்று சொன்னதால் ஏறியிருக்காது. எக்ஸ்ரே பிரிவின் பதிவேட்டைத் தனியாகக் கேளுங்கள். எதுவும் இல்லை என்றால், "அந்த ஆண்டுப் பதிவுகள் இப்போது இல்லை" என்று எழுத்தில் வாங்குங்கள். காகிதம் ஏன் இல்லை என்பதற்கு அதுவே பதில்.

"விழுந்தது" என்ற சீட்டை மறைக்க வேண்டாம், கட்டாயம் அனுப்புங்கள். அது வெளியே வராமல் இருக்கும் என்று நம்பி வழக்கை நடத்தக் கூடாது. இலங்கையிலிருந்து வருபவர்களைத் தமிழ்நாட்டில் கியூ பிரிவு (போலீஸ் உளவுப் பிரிவு) கண்காணிப்பதும், சித்திரவதைக் காயம் என்று சொன்னால் போலீசுக்குத் தகவல் போகும் என்பதும் வழக்கறிஞர் எளிதாக விளக்கக்கூடிய விஷயங்கள். யார் சொன்னது, ஏன் சொன்னது என்று உங்கள் வாக்குமூலத்திலேயே எழுதுங்கள். எதிர்த்தரப்பு கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் அது பதிவில் இருக்க வேண்டும்.

---

பதில்: லாம்ஸ்ராக் வழக்குரைஞர்

அந்த வாக்குமூலம் பற்றி. தமிழில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர், கையெழுத்து, "சரியாக மொழிபெயர்த்தேன்" என்ற உறுதியோடு ஆங்கிலப் பிரதி தனியாக. முத்திரைத்தாளும் நோட்டரியும் கட்டாயமில்லை. எழுதியது உண்மை என்ற உறுதிமொழி, கையெழுத்து, அடையாள நகல் போதும். வெளிநாட்டிலிருந்து வீடியோவில் சாட்சி சொல்ல அந்த நாட்டின் அனுமதி தேவைப்படும் என்று 2021இல் அக்பாபியாகா வழக்கில் சொன்னார்கள். எழுத்து வாக்குமூலத்துக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

கண்டதை மட்டும் எழுதுங்கள். வந்த அன்று நடை எப்படி இருந்தது, முதுகில் புண் ஆறியிருந்ததா, பொருக்கு இருந்ததா, எந்தக் கையைத் தூக்க முடியவில்லை, யார் மருந்து போட்டது. தேதி நினைவில்லை என்றால் ஊகிக்காதீர்கள். "ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முன்பு, தீபாவளி முடிந்து" என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததை வைத்துச் சொல்லுங்கள். தம்பியின் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு அதே வார்த்தையில் எழுதினால் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியும். அவர் உங்களிடம் சொன்னது எது, நீங்களே பார்த்தது எது என்று பிரித்துக் காட்டுங்கள். காகிதத்தை வழக்கறிஞர் அலுவலக முகவரிக்குப் பதிவு அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்பி, ரசீதை வையுங்கள். வந்து சேர்ந்த உறையை அங்கே வைத்திருக்கச் சொல்லுங்கள். 2002இல் தன்வீர் அகமது வழக்கிலிருந்து, ஆவணத்தை நம்பலாம் என்று காட்டும் பொறுப்பு கோருபவருடையது. எங்கிருந்து, யார் கை வழியாக வந்தது என்பதற்கு உறைதான் முதல் சான்று.

---

பதில்: மனநல மருத்துவர், கூடலூர்

பிப்ரவரி–ஏப்ரல் முரண்பாட்டை யாரும் தொடவில்லை. அதற்கு இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, அங்கே விரிவான நேர்காணலை ஒலிப்பதிவு செய்வார்கள். வழக்கறிஞர் அதைக் கேட்டு வாங்கி, தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து முழுதும் கேட்க வேண்டும். தம்பி சொன்னது ஒன்று, மொழிபெயர்ப்பாளர் சொன்னது ஒன்று என்று இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். எழுத்துப் பதிவை மட்டும் படித்தால் தெரியாது.

இரண்டு, உளவியல் பரிசோதனை. கொடுமைக்குப் பின்வரும் மன அழுத்த நோயில் நினைவு காலவரிசையாக நிற்காது. ஹெர்லிஹி குழுவினர் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில், கொசோவோ, போஸ்னியா அகதிகளை இரண்டு முறை நேர்காணல் செய்தார்கள். பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாத அவர்களிடமும் இரண்டு கூற்றுகளுக்கு இடையே முரண்பாடு இருந்தது. மையமான சம்பவத்தைவிடச் சுற்று விவரங்களில் அது அதிகம். நோய் கடுமையாக உள்ளவர்களிடம், இரு நேர்காணலுக்கு இடையே நாள் கூடக்கூட முரண்பாடும் கூடியது. தம்பிக்கு அந்த நோய் இருக்கிறதா, அவருடைய தடுமாற்றம் அந்த வகையா என்று மனநல மருத்துவர் அவரைப் பார்த்து எழுத வேண்டும். ஆய்வை இணைத்தால் மட்டும் போதாது.

அதோடு, 2022இல் எச்.ஏ. என்ற இலங்கையர் வழக்கில் மேல் தீர்ப்பாயம் சொன்னது: நிபுணர் அறிக்கை குடும்ப மருத்துவரின் பதிவுகளோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் ஏன் என்று விளக்க வேண்டும். தூக்கம் வராததையும் கெட்ட கனவையும் தம்பி தன் குடும்ப மருத்துவரிடம் ஒரு முறைகூடச் சொல்லாமல், நிபுணர் மட்டும் "கடுமையான பாதிப்பு" என்று எழுதினால் கேள்வி வரும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள் ஏராளம், பாலியல் கொடுமைக்கு ஆளான ஆண்கள் இன்னும் அதிகம். தம்பியிடம் அப்படி ஏதாவது இருந்தால் நீங்கள் போனில் கேட்காதீர்கள். உறவுக்காரர்களிடம் சொல்ல நேர்ந்ததே பலரை மேலும் உடைத்திருக்கிறது. "டாக்டரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்காதே, எங்களிடம் சொல்ல வேண்டியதில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் நேர்காணலில் சொல்லாததைப் பிறகு சொன்னால், ஏன் தாமதம் என்பதையும் அறிக்கையில் மருத்துவர் எழுதலாம்.

வழக்குக்காக மட்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டாம். சிகிச்சை இப்போதே தொடங்கட்டும். சாட்சி சொல்லும் நாளில் இடைவேளை, பாதிக்கப்படக்கூடியவர் என்ற ஏற்பாடு, குறுகிய கேள்விகள் எல்லாம் தீர்ப்பாயத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். அதையும் மனநல அறிக்கையின் கடைசிப் பத்தியில் பரிந்துரையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.